லஸ் பக்கம் நோட்டீஸ் காலம்

அன்பு ஸ்நேகிதிக்கு,

லஸ் பக்கம் இப்போ வந்தால் உனக்கு அடையாளமே தெரியாதுடீ. எங்கே பார்த்தாலும் தகரத் தடுப்பு, கிரேன், புழுதி. மெட்ரோவின் 3, 4-ஆம் தடங்கள் ரெண்டும் பூமிக்கு அடியில் நம்ம திருமயிலையில்தான் சந்திக்கப்போகின்றன. கபாலி கோயில் பிரகாரத்தில் ரெண்டு மாமி சேர்ந்தால் முதல் கேள்வியே, "உங்களுக்கு நோட்டீஸ் வந்துதா?"

மெட்ரோவுக்கு நிலம் எடுக்கிற நோட்டீஸ்தான். எங்க தெருக்கோடி மாமாவுக்கு வந்திருக்காம். 2013 நிலம் எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பு, அதுக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகைன்னு கேட்டதும் மனுஷருக்கு வாயெல்லாம் பல். அப்புறம்தான் கணக்கு உறைத்தது. சந்தை மதிப்பை வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தானே பார்ப்பார்கள்? முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்திரத்தில் பாதி விலை எழுதி, மீதியை மஞ்சப்பையில் வாங்கின ஊராச்சே இது! நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோடு சங்கதி தெரியுமோ? மெட்ரோவுக்காக அங்கிருக்கிற பிள்ளையார் கோயிலைத் தொடக்கூடாதுன்னு வழக்கு வந்ததும், அதுக்குப் பதிலா யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனி நிலத்தை எடுக்கிறோம்னு நோட்டீஸ் விட்டார்கள். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிவிட்டது. பொதுக் காரியத்துக்குக் கோயில் நிலத்தையும் எடுக்கலாம், கடவுள் மன்னிப்பார் என்கிற தோரணையில் தீர்ப்பு. "நல்ல வக்கீல் இருந்தா பிள்ளையாரோடயே மல்லுக்கு நிக்கலாம்"னார் எங்காத்துக்காரர்.

வக்கீலும் இல்லை, பத்திரமும் இல்லைன்னா? ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை நினைத்துக்கோ. 2022 மே மாதம், உச்ச நீதிமன்ற உத்தரவுன்னு சொல்லி, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த ஜனங்கள். ஒரு பெரியவர் எல்லார் கண்ணெதிரிலும் தீக்குளித்து, பிழைக்காமலே போய்விட்டார். அதுக்கப்புறம்தான், மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கமே மாற்று வீடு தருவோம்னு முதல்வர் சட்டசபையில் சொன்னார். அதுவரைக்கும் அவர்கள் தலையில் எழுதியிருந்தது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து மறுகுடியமர்வு வீடுகள்.

எங்க வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணோட அக்கா, 2015 வெள்ளத்துக்கப்புறம் அடையாற்றங்கரையிலிருந்து அங்கேதான் போனாள். அடுக்குமாடி, சிமெண்ட் வீடு, உள்ளேயே கழிப்பறை. குறை சொல்ல முடியாது. ஆனா விடியற்காலையில் நடந்தே போய் நாலு வீடு முடித்தவள், இப்போ பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. ரெண்டு வீட்டில் வேற ஆள் வைத்துவிட்டார்கள். (அதில் ஒரு வீட்டுக்காரி உனக்கும் தெரிந்தவள்தான், நேரில் சொல்கிறேன்.) இதில் கூத்து என்னன்னா, வெள்ளத்திலிருந்து காப்பாத்தறோம்னு கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம். மழை பிடித்தால் அங்கேயும் தண்ணீர்தான்.

கரையில் இருக்கக் கூடாதுன்னு ஜனங்களை விரட்டினார்களே, அந்தப் பக்கிங்காம் கால்வாயில் கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவிலிருக்கிற துண்டு, 1877-78 வாக்கில், தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்களை வைத்து வெட்டினது. அதே கால்வாயில் தூண் தூணாக நட்டுப் பறக்கும் ரயில் விட்டதும் சர்க்கார்தான். தூணை யாரும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கம்மா வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்குன்னு உன் தம்பி சொன்னான். நாளைக்கு அங்கேயும் நோட்டீஸ் வந்து, அண்ணன் தம்பிக்குள் பேர்த் தகராறு இருந்தால் நஷ்டஈட்டை யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். டெபாசிட் பண்ணிவிட்டுத் தீர்ப்பு வாங்கிண்டு வான்னுடுவார்கள். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மூலப் பத்திரம் எல்லாத்தையும் எடுத்துண்டு மார்கழிக் கச்சேரிக்கு வருகிற சாக்கில் வந்துடு. தாலுகா ஆபீசுக்கு நானும் கூட வரேன். வரும்போது பெரியப்பா பையனிடம் மட்டும் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன் மயிலாப்பூர்க்காரி