பிஸ்லியின் கிழட்டுத் துப்பாக்கிகள்

உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் பி.எஸ்.ஏ. சைக்கிளில் போனதுண்டா? நம் சென்னை அம்பத்தூரில் உருவாகி, ஊரெங்கும் ஓடிய வண்டி அது. அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் என்னவென்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்களா? "பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்." அதாவது, பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கிக் கம்பெனி! 1861-இல் அந்த ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி ஆரம்பித்த ஸ்தாபனம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. கம்பெனியின் பழைய முத்திரையைப் பார்த்தால், மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியிருப்பது தெரியும்.

அந்தக் கம்பெனி செய்த பழைய பந்தயத் துப்பாக்கிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் பிஸ்லிக்குப் போக வேண்டும். வாருங்கள், போய்விட்டு வரலாம்.

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரெயில் ஏறினால், சுமார் 45 கிலோமீட்டரில் புரூக்வுட் வந்துவிடுகிறது. அங்கிருந்து சிறிது தூரம். பைன் மரங்கள், ஊதாப் பூப் பூத்த புதர்க்காடு, நடுவே வராந்தா வைத்த மரக் கட்டடங்கள். இங்கிலாந்தில் இருக்கிறோமா, ஊட்டியில் ஏதாவது பழைய கிளப் வாசலில் நிற்கிறோமா என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிடும். சற்று நடந்தால் பசும்புல் மைதானம். அதன் கோடியில் மண் மேடு. மேட்டுக்கு முன்னால் வரிசையாக வெள்ளை இலக்குகள். 1890-லிருந்து இதுதான் பிரிட்டனின் குறி சுடுகிறவர்களுக்குக் காசி, ராமேசுவரம் எல்லாம்.

"துப்பாக்கிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு சேதி. இந்தப் பந்தயங்களைத் தொடங்கி வைத்ததே ஒரு பெண்தான். 1860-இல், பிஸ்லிக்கு முன்பு பந்தயம் நடந்த விம்பிள்டன் மைதானத்தில், விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். தாங்கியில் பொருத்தியிருந்த துப்பாக்கி வெடித்து, 400 கஜத்துக்கு அப்பால் இருந்த குறியின் மையத்தில் பாய்ந்தது. ஏற்பாடு பிறருடையது, கயிறு இழுத்தது மட்டுமே ராணி என்று சொல்லலாம். சரி, 1930-க்கு வாருங்கள். அந்த வருஷம் பிஸ்லியின் மிகப் பெரிய பரிசான அரசர் பரிசை, ராணுவ வீரர்களையெல்லாம் தோற்கடித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றவர் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி. அவருக்கு யாரும் கயிறு கட்டிக் கொடுக்கவில்லை!

அரசர் பரிசு பெரிய ரக ரைபிளுக்கு உரியது. நாம் பார்க்க வந்ததோ சின்ன ரகம். குழலின் துவாரம் 0.22 அங்குலம், ஒரு சுண்டு விரல்கூட நுழையாது. அதில் போகும் ஈயக் குண்டின் எடை 2.6 கிராம்தான். போயர் யுத்தத்துக்குப் பிறகு, சாதாரண ஜனங்களும் மலிவாகக் குறி சுடப் பழக வேண்டும் என்று பிரசாரம் செய்தவர் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை நம் சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்தவர் இவரே. தொழிற்சாலைகளிலும் கிராமங்களிலும் சிறு ரைபிள் கிளப்புகள் முளைத்தன. இன்று பிஸ்லியில் சிறு ரக ரைபிள் சங்கத்தின் தலைமையகம் அவர் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது.

அந்தக் கிளப்புகளுக்காகப் பி.எஸ்.ஏ. செய்தது மார்ட்டினி ரைபிள். கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை இறங்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மூடினால் கட்டை ஏறி அடைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. விசையை அழுத்தியதும் ஊசி வெகு வேகமாகப் பாயும். இது முக்கியம். அந்த இடைவெளியில் கை நடுங்கினாலும் குறி தப்பிவிடுமே! 1950-க்குப் பிறகு வந்த "இண்டர்நேஷனல்" ரகங்கள் கனமான குழலோடு உலகப் பந்தயங்களுக்கே போயின. இப்போது இவற்றைச் செய்வதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

எழுபது வயதுத் துப்பாக்கி நேராகச் சுடுமா? சுடும். 50 மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நன்றாக வைத்திருந்த பழைய மார்ட்டினி, தனக்குப் பிடித்த தோட்டா கிடைத்தால், அந்தத் தூரத்தில் பத்துக் குண்டுகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய இடத்தில் போடும்.

"பிடித்த தோட்டா" என்றா சொன்னேன்? ஆமாம், துப்பாக்கிக்கும் நாக்கு ருசி உண்டு! ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு தடவை செய்த சரக்கும் அடுத்த தடவை செய்ததும் ஒன்றுபோல் இராது. ஒரு குழல் ஒன்றை விரும்பும். பக்கத்துக் குழல் அதையே துப்பிவிடும். ஆகவே கெட்டிக்காரர்கள் ரைபிளை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு சரக்கிலும் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் சரக்கை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். நாம் பழைய அரிசியா புது அரிசியா என்று ஒரு படி வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை வாங்குவதில்லையா? அதே கதை.

இனி பராமரிப்பு. இதில்தான் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறது. ஈயம் மெத்தென்ற உலோகம்; அது இரும்புக் குழலை எளிதில் தேய்ப்பதில்லை. ஆயிரமாயிரம் தோட்டா சுட்ட குழலும் நன்றாக இருக்கும். பிறகு எதனால்தான் கெடுகிறது?

முதல் சத்துரு உப்பு. 1920-களின் பிற்பகுதிவரை, தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தார்கள். அது வெடித்தபின் குழலில் ஒரு வகை உப்புப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எண்ணெயால் துடைத்தால் இந்த உப்புப் போகாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவினவர்களின் துப்பாக்கி பிழைத்தது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்களின் குழலுக்குள் அம்மை வடுப் போலக் குழிகள் விழுந்தன. அந்தக் குழியை நிரப்ப எந்த வைத்தியனும் இல்லை.

இரண்டாவது சத்துரு, அளவு மீறிய அக்கறை! குழலின் வாய்ப்புறமாகத் துடைப்பக் கம்பியைத் திணித்துத் தினந்தோறும் தேய்ப்பவர்கள் உண்டு. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய் விளிம்புதான். அது ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு சாய்ந்து கிளம்பும். குறைவாகத் துடைத்துக் கெட்ட குழலும் உண்டு. மிகையாகத் துடைத்துக் கெட்ட குழலும் உண்டு.

துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் சற்று விலகித்தான் விழும். தோட்டாவின் மேலிருக்கும் மெழுகு குழலுக்குள் ஒரு பூச்சாகப் படிந்த பிறகே ஒழுங்குக்கு வரும். தேய்த்துக் கழுவிய கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்ளும் ரகசியம் நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? அதைப் போலத்தான். விவரம் தெரிந்தவர்கள் இந்த முதல் குண்டுகளைப் பந்தயக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, மரம். அடிக்கட்டை வால்நட் மரம். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். திருகாணி ஓர் இம்மி தளர்ந்தாலும் அடுத்த குண்டு வேறு இடத்தில். ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். ஆனால் குழலில் எண்ணெயை வழிய விட்டு, வாய் மேலாக நிறுத்தி வைத்தால், எண்ணெய் இறங்கி மரத்தை ஊறவைத்து இளக்கிவிடும். இன்னொன்று: வேடிக்கைக்காகத் தோட்டா இல்லாமல் விசையைத் தட்டக் கூடாது. ஊசி வெறும் இரும்பில் மோதி விளிம்பை நசுக்கும்.

என்ன இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே என்பீர்கள். உண்மை. இந்தச் சின்னக் குண்டும் ஆளைக் கொல்லும். அதனால்தான் அந்த நாட்டில் லைசென்ஸ், பூட்டிய இரும்புப் பெட்டி, மைதானத்தில் ஒருவர் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படும் ஒழுங்கு. உத்தரவு வராமல் ஒரு கை அசையாது.

2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டின் குறி சுடும் போட்டிகள் இதே பிஸ்லியில்தான் நடந்தன. மும்பையின் அஞ்சலி வேத்பாதக் பகவத் அங்கே நான்கு தங்கப் பதக்கம் வென்றார். அவர் கையில் இருந்தது புது நாளைய ரைபிள். ஆனால் மூச்சை அடக்கி, மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தும் வித்தை பழையதுதான்.

அந்த வித்தையைக் கற்க வரும் பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் கிளப்புகள் பலவற்றில் முதலில் கொடுப்பது எதைத் தெரியுமா? அலமாரியிலிருந்து எடுத்த கிளப் ரைபிளை. அது பெரும்பாலும் ஒரு பழைய மார்ட்டினி. யாரோ ஒருவர், எப்போதோ ஓர் இரவு, தூக்கத்தைப் பார்க்காமல் வெந்நீர் வைத்துக் கழுவி எண்ணெய் போட்டாரே, அதன் பலனைப் பெயர்கூடத் தெரியாத ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் இன்று அனுபவிக்கிறாள். பாட்டியின் வெண்கலப் பானையில் பொங்கல் வைக்கும் நமக்கு இது புரியாதா, என்ன?