மேய்ப்பர் உணவு

உணவு சமைத்தலைப் பற்றி எழுதுவது கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளாமோ என்று நண்பர் சிலர் ஐயுறக்கூடும். திருவள்ளுவனார் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்திலே மூலிகைகளின் பெயரைக் கூறவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரும்பாலும் கூறிச் செல்கின்றார். உணவே மருந்தாம் என்பதற்கு அதனினும் மேற்பட்ட சான்று வேண்டுவதில்லை. ஆகவே, துயரால் நலிந்த ஒருவருக்கு மருந்தாய் உதவிய உணவு ஒன்றன் வரலாற்றை, அதனை யான் முதன்முதல் சுவைத்த இக்கல்லூரியின் மலரிலேயே கூறுதல் தகும் எனத் துணிந்தேன்.

எம் ஊர் குமாரபாளையம். முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. காவிரியின் கீழ்க்கரையில் எம் ஊரும், பவானியாறு வந்து கலக்கும் மேல்கரையில் பவானியும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவ்வூருக்குச் சமக்காளத்தால் பெயர். எம் ஊருக்குக் கைலியாலும் துண்டாலும் பெயர். எந்தையார் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். கண் மங்கி, முழங்கால் தளர்ந்து, பற்களும் ஒவ்வொன்றாய் விடைபெற்ற பின்னரே தறியை விட்டு எழுந்தார். அவ்வாறு எழுந்த மறு ஆண்டு, புரட்டாசித் திங்களில், என் அன்னையார் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் எந்தையார் உண்ணுதலை ஏறக்குறைய மறந்தார். அழுதாரில்லை, எவரையும் கடிந்தாருமில்லை. தட்டை முன்வைத்தால் இரண்டு கவளம் எடுப்பார். பின்னர்க் கையைக் கழுவிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். அன்னையார் நாள்தோறும் கிண்டிய கேழ்வரகுக் களியே அவர் உடம்பை வளர்த்த உணவு. அதனையே யானும் சமைத்துக் கொடுக்க முயன்றேன். நீர் கொதிக்கும் பதம் அறியாது மாவைக் கொட்டினேன். துடுப்பைச் சுழற்றும் வகை அறியாது கிண்டினேன். உள்ளே வெந்தும் வேகாததுமாய்க் கட்டிகள் திரண்டன. எந்தையார் அதில் ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டு, யாதொன்றும் கூறாமல் விழுங்கி, தட்டை மெல்ல ஒதுக்கினார். அவர் குறை கூறியிருப்பின் யான் அத்துணை வருந்தியிரேன்.

மூன்று மாதங்களில் அவர் உடம்பு பாதியாயிற்று. மருத்துவர் சோதித்துப் பார்த்து, “நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. மெல்ல வேண்டாதபடி மென்மையாய், இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவாய்க் கொடுங்கள்” என்றார். பல்லில்லாதவருக்கு இறைச்சியை எங்ஙனம் கொடுப்பது என்று எண்ணியபடியே வீடு திரும்பினேன். அப்பொழுதே கல்லூரி விடுதியில் கழிந்த ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை என் நினைவுக்கு வந்தது.

அவ்விடுமுறையில் ஊருக்குச் செல்ல இயலாது தங்கிய மாணவர் நால்வரை விடுதிக் காப்பாளர் தம் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் மனைவியார், “இன்றைக்கு ஷெப்பர்ட்ஸ் பை” என்றார். எங்களுள் ஒருவன் அதனைச் ‘செப்பேட்டுப் பை’ என்று செவிமடுத்து, பழைய சாசனம் ஏதோ காட்டப் போகிறார்கள் என எண்ணிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்! வந்ததோ, மேற்புறம் பொன்னிறமாய்ச் சிவந்த உருளைக்கிழங்கு மசியல். அதன் அடியிலே ஆவி பறக்கும் கொத்துக்கறி. வீட்டை நினைந்து உள்ளூர வாடியிருந்த நால்வரும் அன்று வயிறாரவும் மனமாரவும் உண்டோம். அவ்வம்மையாரின் பாட்டனார் ஒரு மிஷனரி பங்களாவில் சமையற்காரராய் இருந்தவராம். அவர் கைம்முறையைப் பேத்தியார் ஒரு குறிப்பேட்டில் தமிழிலே எழுதி வைத்திருந்தார். யான் கேட்கவே, அப்பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளவும் இசைந்தார். அத்தாளைப் பழைய பாடப் புத்தகம் ஒன்றனுள் தேடிக் கண்டெடுத்தேன்.

இவ்வுணவின் பிறப்பு செல்வர் மனையிலன்று. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சியில் மிஞ்சியதைத் திங்கட்கிழமை வீணாக்காது கொத்தி, உருளைக்கிழங்கால் மூடிச் சுட்டு உண்ட சிக்கனமே இதன் தாய். ‘காட்டேஜ் பை’, அஃதாவது குடிசைப் பை, என்னும் பெயர் 1791-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் காணப்படுகிறது. மேய்ப்பர் பெயரோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வழக்கில் வந்தது. இக்காலத்தில் மாட்டிறைச்சியால் செய்வதைக் குடிசைப் பை என்றும், ஆட்டிறைச்சியால் செய்வதை மேய்ப்பர் பை என்றும் வேறுபடுத்துவர். உருளைக்கிழங்கும் அவர்கள் நாட்டுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளினின்று கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. நம் பக்கத்திலோ, 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் அம்மலையில் பயிரிடுவித்த மேனாட்டுப் பயிர்களுள் இதுவும் ஒன்று. ஆடோ நமக்குப் புதிதன்று. சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் மேயும் மேச்சேரிச் செம்மறி, இறைச்சிக்கும் தோலுக்கும் பேர் போனது. ஆகவே, மேய்ப்பர் உணவுக்கு வேண்டுவன எல்லாம் எம் ஊர்ச் சந்தையிலேயே கிடைத்தன.

நிற்க. செய்முறையைக் கூறுகின்றேன். இருவர் இரண்டு வேளை உண்ண, செம்மறிக் கொத்துக்கறி 400 கிராமும் உருளைக்கிழங்கு 600 கிராமும் போதும். கறிக்கடைக்காரரிடம் பல்லில்லாத முதியவருக்கு என்று சொன்னேன். அவர் புளியங்கட்டையின்மேல் இன்னும் கால் நாழிகை கொத்தித் தந்தார். இரும்புச் சட்டியில் சிறிது நெய் விட்டு, கறியை அதன் நீர் வற்றிச் சிவக்குமட்டும் வதக்க வேண்டும். இவ்விடத்தில் அவசரப்படுவோர் சுவையை இழப்பர். பின்னர்ப் பொடியாய் அரிந்த சின்ன வெங்காயமும் கேரட்டும், ஒரு கரண்டி கோதுமை மாவும், தட்டிய மிளகும் சேர்த்து, எலும்பு வேகவைத்த சாறு ஒன்றரைக் குவளை விட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தல் வேண்டும். அம்மையாரின் தாளில் வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு கரண்டி என்றிருந்தது. அச்சாற்றில் சேரும் பொருள்களுள் நம் புளியும் ஒன்று என்பதை அறிந்திருந்தேனாதலின், அதற்கு மாறாகப் புளிக்கரைசல் ஒரு கரண்டியும் கருப்பட்டித் துணுக்கு ஒன்றும் இட்டேன். குற்றமொன்றும் நேரவில்லை.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, உப்பிட்ட தண்ணீரில் குழைய வேகவைத்து, நீரை வடித்து, வெறுஞ் சட்டியில் மீண்டும் சற்றே அடுப்பில் வைத்து ஈரம் போக்க வேண்டும். சூடாயிருக்கும்போதே வெண்ணெயும் சுடுபாலும் சேர்த்துக் கையால் மசித்தலே முறை. விரைவு கருதி மிக்சியில் இட்டு அரைத்தால் மாச்சத்து வெளிப்பட்டுப் பசையாய் இழுபடும். அது பாவுக்குக் கஞ்சி போடத்தான் உதவும். முதன்முறை யான் அப்பிழையையும் செய்தேன். கறி நீர்த்திருக்கையில் சுடச்சுட மசியலைப் பரப்பும் பிழையையும் செய்தேன். மசியல் முழுதும் குழம்புக்குள் அமிழ்ந்து, இன்னதென்று பெயரிட இயலாத ஒன்றாயிற்று. அதனை எந்தையாருக்குக் காட்டவேயில்லை. கறி கெட்டியாக வேண்டும்; ஆறவும் வேண்டும். அப்பொழுதே மேல் மூடி அமிழாது நிற்கும்.

மறு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் தொடங்கினேன். எம் இல்லத்தில் மின்னடுப்புப் பெட்டி இல்லை. தாளின் அடியில் அம்மையாரின் பாட்டனார் கையாண்ட வழி எழுதப்பட்டிருந்தது. கனத்த பாத்திரத்தில் கழுவி உலர்த்திய ஆற்று மணலை இரண்டு விரற்கடை உயரம் பரப்பிக் காய வைத்து, அதன்மேல் கறித்தட்டை இறக்கி, மூடியிட்டு, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைக் கரியின் கனலை நிரப்புவதே அது. கீழ்நெருப்பு கறியைச் சூடேற்றும். மேல்நெருப்பு மசியலைச் சிவக்க வைக்கும். மசியலின்மேல் முள்கரண்டியால் உழவுசால் போலக் கோடுகள் இழுத்துவிட்டால் அம்முகடுகள் முறுகும். அரை மணி கழித்து மூடியை எடுத்தபோது எழுந்த மணம், திண்ணையில் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அதுவே எனக்கு அன்று கிடைத்த முதல் ஊதியம்.

தட்டில் ஒரு பகுதியை எடுத்து வைத்தேன். எந்தையார் அதனைச் சற்று நேரம் நோக்கினார். பின்னர், களியுருண்டையின் நடுவில் குழி செய்வதுபோல் கட்டைவிரலால் மசியலில் ஒரு குழி செய்து, கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“குழம்பு எங்கே, கண்ணு?” என்றார்.

“கறி அடியில் இருக்கிறது, அப்பா” என்றேன்.

அச்சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. மசியலை விரலால் ஒதுக்கிக் கீழே பார்த்தார். கறி இருந்தது. அவர் சிரித்தார், அன்னையார் மறைந்தபின் அவர் சிரித்ததை அன்றே கண்டேன். சிரிப்பு அடங்கியபின் அவர் கூறியதை இயன்றவரை அவர் சொற்களிலேயே எழுதுகின்றேன்.

“உங்கம்மாவும் இப்படித்தான் சொல்வாள். தறி நின்றுபோன மாதங்களில் கறி எடுப்பதே எப்போதோ ஒரு நாள். பாட்டன், பாட்டி, நான், நீங்கள் இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் அவள் உட்காருவாள். தன் தட்டில் களியை உருட்ட மாட்டாள்; பரப்பிவிடுவாள். ‘உனக்குக் கறி எங்கே?’ என்றால், ‘அடியில் இருக்கிறது’ என்பாள். ஒரு நாள் அவள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது களியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை.”

“அம்மாவிடம் கேட்டீர்களா?”

“எதற்குக் கேட்பது? மறைத்து வைத்ததைக் கேட்டால் அவள் மனம் நோகும். அன்று முதல் எனக்குப் பல்வலி என்று சொல்லி, இரண்டு துண்டைச் சட்டியிலேயே விட்டுவிடுவேன். வீணாகப் போகக்கூடாது என்று அவள் தின்பாள். பல்வலி என்று நம்பிக்கொண்டு, அதற்குப் பிறகு கறியைக் குழையக் குழைய வேகவைப்பாள். பல் நன்றாய்த்தான் இருந்தது. இப்போது பல்லும் போயிற்று, அவளும் போய்விட்டாள்.”

இவ்வாறு கூறிவிட்டு, மசியலையும் கறியையும் சேர்த்துப் பிசைந்து உண்ணத் தொடங்கினார். தட்டில் வைத்ததை முழுதும் உண்டார். யானோ என் கவளத்தைக் கையில் வைத்தபடி இருந்தேன். அந்நாள்களில் யானும் அவ்வடுக்களையிலேதான் அமர்ந்து உண்டேன். என் களிக்குக் குழி செய்து, எனக்கு வந்த கறித்துண்டுகளை எண்ணினேன். இன்னும் ஒன்று வேண்டும் என்று அடமும் பிடித்தேன். அன்னையார் தட்டில் களி ஏன் பரந்திருந்தது என்று ஒரு நாளேனும் கேட்டேனில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, மேனாட்டு உணவு ஒன்று வந்து அதனை எனக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

மேய்ப்பர் என்னும் சொல் இக்கல்லூரியில் பயின்றோர்க்குப் புதிதன்று. ஆலயத்தில் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கையில் கோலும் தோளில் ஆட்டுக்குட்டியுமாய் நிற்கும் ஓர் உருவமே முன்னர் என் மனக்கண்முன் தோன்றும். இப்பொழுது ஈயம் பூசிய பித்தளைத் தட்டில் களியைப் பரப்பும் ஒரு கையும் உடன் தோன்றுகிறது. மந்தை முழுதும் மேய்ந்து முடிந்தபின் தன் பங்கைப் பற்றிப் பொய் கூறியவளும் மேய்ப்பரே. அப்பொய்யை அறிந்தும் அறியாதவர்போல் தம் பங்கைக் குறைத்துக்கொண்டவரும் மேய்ப்பரே. ஆடுகளாகிய யாங்களோ வயிறு நிறைந்து உறங்கினோம்.

அதன்பின் எந்தையார் உடம்பு மெல்லத் தேறியது. ஓர் உணவால் துயரம் ஒழிந்தது என்று கூறேன். அன்னையார் இல்லாத வீடு இன்றும் அன்னையார் இல்லாத வீடே. ஆயினும், அன்று தொடங்கி அவரைப் பற்றிப் பேசுகின்றார், பேசுகையில் உண்கின்றார். கேழ்வரகுக் களியையும் எனக்குக் கற்பித்தார். தாம் ஒரு நாளும் துடுப்பைப் பிடித்ததில்லை எனினும், நாற்பது ஆண்டுகள் தறியிலிருந்தபடியே அன்னையார் கிண்டும் ஓசையைக் கேட்டவராதலின், “இன்னும் ஓசை தடிக்கவில்லை, விடாதே” என்று திண்ணையிலிருந்தே பதம் சொல்லுவார். இப்பொழுது யான் கிண்டும் களியில் கட்டி விழுவதில்லை.

திங்களுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் மேய்ப்பர் உணவும் எம் இல்லத்தில் உண்டு. இரண்டு தட்டிலும் யானே பரிமாறுவேன். எந்தையார் உடனே உண்ணத் தொடங்குவதில்லை. கரண்டியை நீட்டி, என் தட்டின் மேல்மூடியைச் சற்றே விலக்கி, அடியில் கறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின்னரே தம் தட்டில் கை வைக்கின்றார்.