அமெரிக்காவோட கடைசிச் சண்டை... கடலூர்ல!

ஒரு குட்டி க்விஸ். அமெரிக்க சுதந்திரப் போரோட கடைசிப் பெரிய சண்டை எங்கே நடந்தது? பாஸ்டன், நியூயார்க்னு மண்டையைப் பிச்சுக்காதீங்க. புதுச்சேரியில பஸ் ஏறுங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள கடலூர்ல இறங்கிடலாம். அந்த ஊர்தான்!

ரீல் இல்லீங்க. 1783 ஜூன் மாதம் இங்கே நடந்த முற்றுகையைத்தான் அந்தப் போரின் கடைசி மோதல் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

முதல் ஸ்டாப், தேவனாம்பட்டினம். சில்வர் பீச் தெரியும்ல, அதே ஏரியாதான். கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டுமில்லை, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்து! கடலூரில் இன்றைக்கும் இருக்கிற 'குண்டு சாலை'க்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. கோட்டையில் இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

சரி, அமெரிக்காவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி தேயிலையைக் கடலில் வீசினார்களே... அது இதே கம்பெனியோட சரக்குதான். 1775-ல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு முழு ஆங்கிலேயப் படையே சரணடைந்தது. 'இவங்க ஜெயிப்பாங்க போலிருக்கே'ன்னு நம்பிக்கை வந்து, 1778-ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கைகோத்தது. அவ்வளவுதான், இந்தியாவிலும் பத்திக்கிச்சு! அதே வருடம் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780-ல் மைசூரின் ஹைதர் அலி களத்தில் இறங்கி, பொள்ளிலூரில் கம்பெனிப் படையைத் துவைத்து எடுத்தார். அவர் புகழ் எங்கே வரைக்கும் போச்சு தெரியுமா? 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கப்பல் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றை மடக்கியும் பிடித்தது!

1781 அக்டோபரில் யார்க்டவுனில் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அமெரிக்க மண்ணில் பெரிய சண்டைகள் அதோடு ஓய்ந்தன. இங்கே ஓயவில்லை. 1782-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதரின் துணையோடு கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்கத்தான் அடுத்த வருடம் ஜெனரல் ஸ்டூவர்ட் படையோடு வந்து இறங்கினார். உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி.

இரண்டாவது ஸ்டாப், வண்டிப்பாளையம் பக்கம். 1783 ஜூன் 13 அதிகாலை ஆங்கிலேயப் படை முதலில் பிடித்தது இந்தப் பக்கத்துக் குன்றுகளைத்தான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ரத்தக்களறி. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம் பட்டவர்களுமாகக் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். அன்றிரவு பிரெஞ்சுப் படை கோட்டைச் சுவருக்குள் ஒதுங்கியது.

மூன்றாவது ஸ்டாப், மறுபடி கடற்கரை. கடலைப் பார்த்து நில்லுங்க. ஜூன் 20-ல் சஃப்ரனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் 18 ஆங்கிலேயக் கப்பல்களும் இந்தக் கடலில்தான் மோதின. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். தெம்பு வந்த புஸ்ஸி, ஜூன் 25-ல் கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கிப் பார்த்தார். வங்காளச் சிப்பாய்கள் துப்பாக்கி ஈட்டியோடு எதிர்த்து நின்றார்கள். தாக்குதல் பணால்!

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் வந்தது. 'சண்டையை நிறுத்துங்கப்பா, ஐரோப்பாவில் சமாதானம் ஆயிடுச்சு!'

எப்போ ஆச்சு தெரியுமா? ஜனவரி 20. அதாவது வண்டிப்பாளையத்தில் ஆயிரம் பேர் விழுந்த அன்றைக்கு, சமாதானக் கையெழுத்து போட்டு 144 நாள் ஆகியிருந்தது. எஸ்.எம்.எஸ். இல்லாத காலம். முடிந்துபோன யுத்தத்துக்காகச் செத்தார்கள்.

செத்தவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டுமா? இரண்டு பக்கமும் நம்மாட்கள்தான் சிப்பாய்களாக நின்றார்கள். தளபதிகளின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையோடு சரி.

செப்டம்பர் 3-ல் பாரிஸ் ஒப்பந்தத்தில் அமெரிக்கா சுதந்திர நாடு. கடலூர்? பேரம் பேசி மறுபடி ஆங்கிலேயர் கையிலேயே கொடுக்கப்பட்டது. அங்கே தோற்ற கார்ன்வாலிஸ் 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார்! 1792-ல் ஹைதரின் மகன் திப்புவைப் பணிய வைத்து, பாதி ராஜ்யத்தையும் பறித்தார். ஒரு தேசம் விடுபட்ட அதே யுத்தம், இன்னொரு தேசத்தின் விலங்கை அவிழ்க்கவே இல்லை.

கடைசி ஸ்டாப், கேப்பர் மலை. அங்கே இருக்கிற மத்திய சிறையை வெளியில் நின்றுதான் பார்க்க முடியும். 1918 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். அமெரிக்கா விடுதலையாகி 135 வருடம் ஆகியிருந்த நேரம் அது. நமக்கு இன்னும் 29 வருடம் பாக்கி இருந்தது.

அடுத்த தடவை ஃப்ரெண்ட்ஸோட சில்வர் பீச் போனீங்கன்னா, சுண்டல் பொட்டலத்தை மடிச்சு வெச்சுட்டு ஒரு நிமிஷம் கடலைப் பாருங்க. சேதி கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா வீடு திரும்பியிருக்க வேண்டியவங்க, இந்த மண்ணுலதான் இருக்காங்க.