மூடாக்கில் படர்ந்த பூஞ்சணம்

எங்கள் மதரஸாவின் பின்புறம் மாணவர்கள் நட்ட கொய்யாக் கன்றுகளுக்குக் கோடையில் ஈரம் காக்க மரச்சீவலும் சருகும் பரப்பி மூடாக்கு இட்டிருந்தோம். ஐப்பசி மழைக்குப் பின் அதில் வெண்ணிற இழைகள் படர்ந்தன; காளான்களும் முளைத்தன. "ஹஜ்ரத், கன்றுக்கு நோயா?" என்று ஒரு சிறுவன் வினவினான். ஏதும் அறியாமலேயே "ஆம்" என்றேன். அனைத்தையும் அள்ளி எரித்துவிடுமாறும் கூறினேன்.

தோட்ட வேலையில் தேர்ந்த என் மாமனார் தடுத்தார். மூடாக்கில் வளரும் பூஞ்சணம் பெரும்பாலும் உயிருள்ள செடியைத் தாக்குவதில்லை. மடிந்த மரத்தை மக்கச்செய்து மண்ணுக்கு உரமாக்குகிறது. அதற்கு மருந்து தெளிக்கத் தேவையில்லை என்றார். அவர் சொற்படி மூடாக்கைக் கிளறி உலரவிட்டோம். மூன்று அங்குல உயரத்திற்குக் குறைத்தோம். தண்டை ஒட்டிக் கிடந்தால் ஈரம் தங்கி அழுகும் என்பதால் நான்கு விரல் தள்ளி ஒதுக்கினோம். காளானில் நஞ்சுள்ளது எதுவெனப் பார்த்த அளவில் சொல்ல இயலாது. ஆகவே சிறு பிள்ளைகள் வாயில் வைத்துவிடாதபடி, கையுறை அணிந்து அவற்றைப் பறித்துக் குழியிலிட்டு மூடினோம்.

மறுநாள் வகுப்பில் அச்சிறுவனை அழைத்து, "நேற்று நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்றேன். அறியாததை அறியேன் என்று சொல்வதும் இல்மைச் சேர்ந்ததே என அவர்களுக்குப் போதிப்பவன் நானல்லவா? அவன் சற்றே வியந்து, பின் புன்னகைத்தான்.

இப்போது மழை விட்டதும் மூடாக்கைக் கிளறிவிட முதலில் ஓடுபவன் அவனே. அல்ஹம்துலில்லாஹ், கன்றுகள் துளிர்த்துள்ளன.