இரண்டரைக் கட்டை

பாட்டில் சுருதியைக் 'கட்டை' என்று கணக்கிடுவது ஆர்மோனியத்திலிருந்து வந்த வழக்கம். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அதை அடுத்த கறுப்பு ஒன்றரை. இப்படியே ஏழு வரை போகும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்தை ஒட்டியும் பாடுவார்கள். இதெல்லாம் எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். கச்சேரி கேட்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாத அரசு ஊழியனாக இருந்தவன் நான். ஆலாபனை தொடங்கிய உடனேயே காம்போதியா அரிகாம்போதியா என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பாட ஆசை சின்ன வயதிலேயே உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டு வாத்தியார் வந்தது அக்காவுக்குத்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்களே! எனக்கு டைப்ரைட்டிங். ஓய்வு பெற்ற பிறகுதான், அடுத்த தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். என் மகளைவிடச் சின்னவர். முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. புரந்தரதாசர் போட்டுக்கொடுத்த வழி என்பார்கள். கூட உட்கார்ந்தவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். மூன்று காலமும் பாடி முடித்துவிட்டு அவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இரண்டாம் காலத்திலேயே தாளம் போடும் கை தன் வழியே போய்விடும்.

அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் சுருதியில்தான். டீச்சர் என் குரலை மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்த்து, "சார், உங்களுக்கு ஒரு கட்டை. அதுவே தாராளம்" என்றார். என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததோ பழைய பாடகர் ஜி.என்.பி.யின் பிருகா உருட்டல்களும் உயரமும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் குரல் உயரத்தில்தான் நின்றாக வேண்டும். கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் அந்தக் காலத்து நாடக மேடைகளில் பாடி வளர்ந்தவர்கள். மைக் வந்த பிறகு ஆண்களின் சுருதி மெல்ல இறங்கியது. இந்த வரலாற்றை நானே நண்பர்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் தொண்டை என்று வந்தபோது மறந்துவிட்டது.

வகுப்பில் ஒரு கட்டை. வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் தம்புரா செயலியை இரண்டரைக்கு ஏற்றிவிடுவேன். விடியற்காலையில் கீழே மந்தர ஸ்தாயியில் 'ஆ' என்று நீட்டி அகார சாதகம் செய்யச் சொல்லியிருந்தார் டீச்சர். கீழே முனகிக்கொண்டிருப்பதில் என்ன சுவாரசியம் என்று விட்டுவிட்டேன். மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸா'வை எட்டும்போது கழுத்து நரம்பு புடைக்கும். அதை உழைப்பு என்று நினைத்தேன். தொண்டை கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும். "மாடியில யாரையாவது கூப்பிடுறீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நவராத்திரிக்கு அக்கா வீட்டுக் கொலுவில் பாடுகிறேன் என்று நானாகவே சொல்லி வைத்திருந்தேன். டீச்சருக்குத் தெரியாமல், ஒலிப்பதிவைப் போட்டுப் போட்டு ஒரு கீர்த்தனையை உருப்போட்டேன். நவராத்திரி நெருங்கும்போது குரல் போய்விட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, குரல் நாண்களின் ஓரத்தில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். பாட்டு கூடாது. பேச்சும் அவசியத்துக்குத்தான். கிசுகிசுக்கவும் கூடாதாம், அதுவும் நாண்களை வருத்துமாம்.

கொலுவுக்கு வாயை மூடிக்கொண்டு போனேன். "பாடுறேன்னு சொன்னியேடா?" என்றாள் அக்கா. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது பாடுங்களேன் என்றார்கள். யாரும் முன்வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பாட்டையே விட்டுவிட்ட அக்கா, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஐந்து கட்டையில் பாடியவள். "இப்ப நாலுதான் வரும். வயசாயிடுச்சு, அதுக்கு மேல ஏறாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்த நாளில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒரு கீதத்தை எடுத்தாள். நடுவில் ஓரிடத்தில் சாகித்தியம் மறந்து ஸ்வரமாகவே பாடி ஒப்பேற்றினாள். மேல் ஷட்ஜம் வந்தது. அவள் முகம் மாறவில்லை. கழுத்து நரம்பு தெரியவில்லை. குரல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, அவசரப்படாமல் இறங்கி வந்தது. சுண்டல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் இது என்ன ராகம் என்று என்னிடம் கேட்டார். தெரியும். அன்று சொல்லத் தோன்றவில்லை.

குரல் திரும்பச் சில மாதங்கள் ஆயின. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, ஸா பிடிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சுருதிப் பெட்டியைத் திருகினார்.

என்னோடு சேர்ந்த பிள்ளைகள் வர்ணத்துக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் அலங்காரத்தில்தான் இருக்கிறேன், ஒரு கட்டையில். சளி பிடித்த நாட்களில் டீச்சர் ஏழுக்கு மாற்றிவிடுவார். ஏழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அது ஒன்றுக்கும் கீழே, முந்தைய ஸ்தாயியின் கடைசிக் கட்டை.