மிதித்துவிட்டு வந்து அழுதவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு நாகசாகி என்றால் அணுகுண்டுதான் நினைவுக்கு வரும். பாடத்தில் அவ்வளவுதான் இருந்தது. அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு.

நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானில் கால் வைத்தார். அறுபத்தைந்து வருஷம் கழித்து, 1614-இல், நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. குருமார்களைத் துரத்தினார்கள், அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். நாகசாகியை அடுத்த உராகாமி கிராமத்தில் வருஷாவருஷம் ஊர்த்தலைவர் வீட்டுக்கு எல்லாரும் போக வேண்டும். இயேசு அல்லது மாதா உருவம் பதித்த பலகை தரையில் கிடக்கும். ஒவ்வொருவராக அதை மிதிக்க வேண்டும். மிதிக்காதவர் மாட்டிக்கொள்வார். மிதித்தவர்கள் வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாமியார் இல்லை, பூசை இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க ஊரில் ஒருவர், திருநாள் கணக்குப் பார்க்க ஒருவர். இப்படியே சுமார் 250 வருஷம்! 1865 மார்ச்சில் அந்த ஊர்க்காரர்கள் சிலர், நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓரா கோயிலுக்குப் போய், பெத்திஜான் என்ற பிரெஞ்சு குருவிடம் தங்கள் மனசும் அவர் மனசும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அதற்கும் தண்டனை கிடைத்தது. 3,000-க்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்துவது போலப் பல பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பியதில் 600-க்கும் மேல் இறந்துபோனார்கள். 1873-இல்தான் தடை விலகியது. திரும்பி வந்தவர்கள், எந்த வீட்டில் மிதித்தார்களோ அந்த வீட்டையே விலைக்கு வாங்கிக் கோயிலாக்கினார்கள்.

பிரசங்கத்தில் இதுவரை வரும். இதற்கு முந்தின பகுதி வராது. ஓமுரா சுமிதாதா என்ற சிற்றரசர் 1563-இல் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அவர் நாட்டில் புத்த கோயில்களை இடித்தார்கள், குடிகளை மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். அந்த ஊர் பிட்சுவுக்கு அடக்குமுறை என்றால் நாம்தான்! பிற்காலத்தில் சொத்தோமே பகுதியில் ஒரு புத்த கோயில், தன் பதிவேட்டில் இருந்தவர்கள் மறைவான கிறிஸ்தவர்கள் என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. சுமிதாதாவின் ஞானஸ்நானத்தைவிட அந்தப் புத்த குருக்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். யார் கோபித்தாலும் சரி.

நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லாருக்கும் சமமாகத்தான் தருகிறது. நம் குடும்பக் குழுவில் போன வாரம் வந்த "மாடி காலி, கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்ற அறிவிப்பைப் பார்த்தபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. போட்ட தம்பிக்குத் தெரியும் யாரென்று. அந்தக் கடைசி வார்த்தைகளை எடுத்துவிட்டு மறுபடி போடுப்பா. நோன்பு பிடிக்கிற ஒரு குடும்பம் ரெண்டு மாசமாக வீடு தேடி அலைகிறது. அவர்கள் நம்பரை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.