கடைசி இரண்டு வரிசைகள்

எங்கள் கோயிலில் (ஆலயம் என்று எழுதுவதுதான் முறை, திருநெல்வேலிக்காரர்களுக்குக் கோயில் என்றுதான் வாயில் வருகிறது) கடைசி இரண்டு வரிசைகள் பல வருடங்கள் காலியாகவே கிடந்தன. கோயம்புத்தூருக்குப் பிழைக்க வந்த தென்மாவட்டக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சபை அது. பிள்ளைகள் படித்து முடித்துப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, முன்வரிசைகளில் நரைத்த தலைகள் மட்டும் மிஞ்சின. சேகரக் கமிட்டி கூடும்போதெல்லாம் சபைக்கு வாலிபர்களைத் தரும்படி ஜெபித்தோம். செயலாளன் என்ற முறையில் அந்த ஜெபக்குறிப்பை நோட்டில் எழுதிவந்தவன் நான்தான். 2017ஆம் வருடம் வாலிபர்கள் வந்தார்கள். பதினொரு பேர். ஒருவனுக்கும் தமிழ் தெரியாது.

பக்கத்துப் பவுண்டரியில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன்கள். செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வந்து அந்தக் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பாமாலை பாடும்போது ராகத்தை மட்டும் முனகினார்கள். கர்த்தருடைய ஜெபம் வந்ததும் அவர்களுடைய குரல் எங்கள் குரலுக்கு அடியில், வேறு மொழியில், ஆனால் அதே நிறுத்தங்களோடு கேட்டது. அது எனக்கு ஏனோ தொந்தரவாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு வாரங்களில் பேச்சு கிளம்பிவிட்டது. உண்மையிலேயே கிறிஸ்தவர்கள்தானா, விசாரித்தீர்களா என்றார் ஒருவர். பெண்பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்றார் இன்னொருவர். ஒரு குடை காணாமல் போனது. (அது மூன்றாம் வாரம் பாடகர் குழு அறையில் கிடைத்தது, கிடைத்த செய்தி காணாமற்போன செய்தியைப்போலப் பரவவில்லை.) கமிட்டியில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு, ஓய்வுநாள் பள்ளி அறையில், அவர்களுக்கென்று தனியாக இந்தி ஆராதனை. அவர்கள் மொழியில் அவர்கள் தொழட்டும் என்று உருக்கமாகப் பேசினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என்னைப் பாராட்டினார்கள். நானும் பெருந்தன்மையான ஒரு காரியம் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தீர்மானம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நிருப வாசிப்பு என் முறை. அப்போஸ்தலர் நடபடிகள் பதினோராம் அதிகாரம். வாசிப்பதற்கு முன்னால் வீட்டில் பத்தாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம். யோப்பாவில் பேதுரு மாடியில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், பசி. வானத்திலிருந்து துப்பட்டிபோல ஒன்று இறங்குகிறது. உள்ளே தின்னக்கூடாத பிராணிகளெல்லாம். அடித்துச் சாப்பிடு என்கிற குரலுக்கு மூன்று தடவையும் முடியாது என்கிறார். ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதை. அன்றைக்கு என்னை நிறுத்தியது வேறு ஒன்று. கொர்நேலியு என்கிற ரோமப் படைத்தலைவன் வீட்டுக்குப் பேதுரு போய்வந்த பிறகு எருசலேமில் அவர்மேல் குற்றச்சாட்டு எழுகிறது. புறஜாதியாருக்கு ஏன் பிரசங்கித்தாய், ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்பதுதான் குற்றம்.

அந்த ஒரு வரியில் என் தீர்மானம் அம்பலப்பட்டதுபோல இருந்தது. பிரசங்கம், ஆராதனை, ஞானஸ்நானம் எல்லாம் அவர்களுக்குக் கொடுக்க எங்களுக்குத் தடையில்லை. மூன்று மணிக்குக் கொடுத்துவிடலாம். சாப்பாடு என்பது வேறு விவகாரம். நம் ஊர்ச் சபைகளுக்கு இது புதிதுமல்ல. 1833இல் பேராயர் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையைவிட்டே வெளியேறினார்கள். என் ஆச்சி சொன்ன எங்கள் ஊர்க் கோயிலிலும் யார் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சியின் குரல் தணிந்துவிடும்.

வாசிப்பை முடித்து இறங்கியவன், ஆராதனைக்குப்பின் அந்தப் பையன்களில் மூத்தவனிடம் போனேன். பள்ளிக்காலத்தில் இந்திப் பிரசார சபையின் பிராத்மிக் தேறியவன் நான். ஐம்பது வருடம் கழித்து அந்தச் சான்றிதழுக்கு வேலை வந்தது. எந்தச் சபை என்றேன். ஜி.இ.எல். என்றான். ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்துவிட்டேன். ராஞ்சியில் தலைமையிடம் கொண்ட கோஸ்னர் லுத்தரன் திருச்சபை என்பதைப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சுயாட்சி பெற்ற அதே 1919இல்தான் அதுவும் பெற்றிருக்கிறது. உண்மையான கிறிஸ்தவர்களா என்று நாங்கள் விசாரித்த பையன்களின் முப்பாட்டனார்கள், எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்த காலத்தையொட்டியே வந்திருக்கக்கூடும்.

அந்தச் சபை தோன்றிய விதம்தான் விசேஷம். பெர்லினில் யோகன்னஸ் கோஸ்னர் என்ற போதகர் நான்கு பேரை இந்தியாவுக்கு அனுப்பினார்: ஷாட்ஸ், பிராண்ட், பாட்ச், யாங்க்கே. அவர்கள் கிளம்பும்போது மனத்தில் வைத்திருந்த இடம் ராஞ்சி அல்ல. கல்கத்தாவில் வந்து அடுத்து எங்கே என்று தெரியாமல் காத்திருந்த நாட்களில், தெருவில் கூலிவேலை செய்துகொண்டிருந்த, மற்றவர்களைப்போல இல்லாத சில மனிதர்களைப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டார்கள். சோட்டா நாக்பூர் என்று பதில் வந்தது. போகவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அந்தக் கூலிகளின் ஊரைத் தேடி 1845 நவம்பரில் ராஞ்சி போய்ச் சேர்ந்தார்கள். அங்கும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. உராவோன் இனத்தைச் சேர்ந்த முதல் நால்வர் ஞானஸ்நானம் பெற 1850 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

பவுலுக்கும் அப்படித்தான். ஆசியாவில் பேசப் போனார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. துரோவாவில் இரவில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து அழைப்பதாகத் தரிசனம். கடல் கடந்து பிலிப்பிக்குப் போனால் அந்த ஆண்மகனைக் காணோம். ஆற்றங்கரையில் சில பெண்கள் கூடியிருக்கிறார்கள். முதலில் செவிகொடுத்தவள் லீதியாள், இரத்தாம்பரம் விற்கிறவள். அவளுடைய சொந்த ஊர் தியத்தீரா. தியத்தீரா எங்கே இருக்கிறது? போகக்கூடாது என்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவில்! இதைக் கவனிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். லீதியாள் அவர்களை விடவில்லை. என் வீட்டில் வந்து தங்கவேண்டும் என்று வற்புறுத்தி அழைத்துப்போனாள். கொர்நேலியுவின் வீட்டிலும் அதே கதை, சில நாள் தங்கும்படி பேதுருவைக் கேட்டுக்கொள்கிறார்கள். வழி திருப்பிவிடப்பட்டவன் போய்ச் சேருகிற இடத்தில் அவன் விருந்தாளி. அந்நியரை ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசும்போது நாம் வாசலில் நின்று வரவேற்கிறவர்களாகவே நம்மைக் கற்பனை செய்துகொள்கிறோம். வீடு அவர்களுடையதாக இருந்தால் என்ன செய்வோம் என்று யோசிப்பதில்லை.

எனக்கு அது சீக்கிரமே தெரிந்தது. மூத்தவனுக்கு ஊரில் பெண்குழந்தை பிறந்திருந்தது. அறையில் ஸ்தோத்திர ஜெபம், அங்கிள் வரவேண்டும் என்றான். இரண்டு தடவை சாக்குச் சொன்னேன். மூன்றாவது தடவை பேதுருவின் ஞாபகம் வந்து, போனேன். தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; அதில் என்னை உட்காரவைத்துவிட்டுப் பதினொரு பேரும் தரையில். சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு. அந்த எண்ணெயின் நெடி தொண்டையைப் பிடித்தது. முதல் கவளத்தை விழுங்குவதற்குள் என் முகம் எப்படி இருந்ததோ, ஒருவன் சத்தமில்லாமல் எழுந்துபோய் எனக்காகத் தயிர் வாங்கிவந்தான்.

சாப்பிட்டபின் அவர்களுக்குள் பேசிக்கொண்ட மொழி இந்தி இல்லை என்று புரிந்தது. குடுக் என்றார்கள், உராவோன்களின் மொழி. நான், நீ என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று சும்மா கேட்டேன். ஏன், நீன் என்றான். எங்களை மட்டும் சொல்ல ஏம். கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்ல நாம். நான் திரும்பவும் சொல்லச் சொன்னேன். நாம் என்றான். குடுக் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எங்கோ எப்போதோ படித்திருக்கிறேன். படித்தது வேறு, தகரக்கூரையின் கீழ் அந்தச் சொல் காதில் விழுந்தது வேறு. இந்தி ஆராதனை என்று தீர்மானத்தில் எழுதியிருந்தேனே, அதுவும் அவர்கள் மொழி இல்லை.

தீர்மானத்தைப் போடுவது சுலபம், எடுப்பது கடினம். எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மூன்று மணி ஆராதனை நடந்துகொண்டுதான் இருந்தது. நான் அதிலும் போய் உட்கார்ந்தேன். திரும்பப் பெற்றபோது ஒருமனதாக இல்லை. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்களில் ஒருவர் முப்பது வருட நண்பர். வழியில் பார்த்தால் தலையசைப்பார், நிற்கமாட்டார். 2020இல் ஊரடங்கு வந்தபோது பையன்கள் ரயில் கிடைத்து ஊருக்குப் போனார்கள். கோயில் மறுபடி திறந்தபோது கடைசி வரிசைகள் பழையபடி காலியாக இருந்தன. அந்தக் காலி பழைய காலியாக எனக்குத் தெரியவில்லை. பதினொரு பேரில் ஐந்து பேர்தான் திரும்பி வந்தார்கள். சென்ற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மூத்தவன் ஒரு பூசணிக்காயை நூற்றியெண்பது ரூபாய்க்குத் தமிழிலேயே கூவி எடுத்தான்.

ஊரிலிருந்து திரும்பும்போது எனக்காக ஒரு போத்தல் கடுகெண்ணெய் கொண்டுவந்திருந்தான். அவன் மனைவி வீட்டுக் கடுகை ஆட்டியெடுத்ததாம். அது எங்கள் வீட்டில் அடுப்படிக்கு வெளியே, ஜன்னல் திட்டில் இருக்கிறது. நெடி உள்ளே வரக்கூடாது என்று என் மனைவி அங்கே வைத்தாள். நானும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.